எதிலிருந்து, யாரிடமிருந்து: சேஃப்டியும் செக்யூரிட்டியும்

வாசகர் கேள்வி: ஒரு வேதிப்பொருள் ஆலையின் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். ஆங்கிலச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவதும், தமிழில் வரும் குறிப்புகளை ஆங்கில அறிக்கையாக எழுதுவதும் என் வேலை. எங்கள் ஆலையில் சேஃப்டி என்று ஒரு பிரிவும் செக்யூரிட்டி என்று ஒரு பிரிவும் உள்ளன. இரண்டையுமே 'பாதுகாப்புப் பிரிவு' என்றுதான் எழுதிவந்தேன். அதன் விளைவாக, வாயுக் கசிவு பற்றிய ஒரு கடிதம் வாயிற்காவலர் அறைக்குப் போய் இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. இன்னொரு முறை, 'எந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளர்களின் செக்யூரிட்டி' என்று அறிக்கையில் எழுதியதை மேலாளர் 'சேஃப்டி' என்று திருத்தினார். காரணம் கேட்டால், 'காதுக்கு அப்படித்தான் சரியாகப் படுகிறது' என்கிறார். அகராதியோ ஒன்றுக்கு மற்றதைப் பொருளாகத் தருகிறது. இப்போது பின்வாசல் கதவில், 'செக்யூரிட்டி காரணங்களுக்காக இக்கதவு பூட்டப்பட்டிருக்கும்' என்பதைத் தமிழில் எழுதி மாட்டச் சொல்கிறார்கள். தீ ஒத்திகையின்போது நாங்கள் வெளியேறுவதும் அதே கதவு வழியாகத்தான். இரு சொற்களையும் பிரித்தறிய விதி ஏதும் உண்டா? தமிழில் எப்படி வேறுபடுத்துவது?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மேலாளரின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. காரணத்தைத்தான் அவரால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. அகராதியையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு சொல்லின் நடுப்பகுதி எங்கே இருக்கிறது என்பதை அகராதி நன்றாகக் காட்டும்; அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் காட்டுவதுதான் அதற்குக் கடினம், அதிலும் இரண்டு சொற்கள் வரப்பில்லாத வயல்களைப் போல ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும்போது.

தமிழில் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல் ஆங்கிலத்தின் சேஃப்டி, செக்யூரிட்டி, ப்ரொடெக்‌ஷன், டிஃபென்ஸ் என்ற நான்கின் சுமையையும் சுமக்கிறது. பேச்சு வழக்கிலும் இதே நிலைதான்: 'பத்திரமாகப் போய் வாருங்கள்' என்பது சேஃப், 'நகையைப் பத்திரமாக வையுங்கள்' என்பது செக்யூர். இதைத் தமிழின் குறை என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மன் மொழியில் ஸிஷர்ஹைட், ஸ்பானிய மொழியில் செகுரிதாத், ரஷ்ய மொழியில் பெஸோபாஸ்னஸ்த், சீன மொழியில் ஆன்சுவான் என்று இந்த மொழிகளிலும் இரண்டு பொருளுக்கும் ஒரு சொல்லே புழங்குகிறது. பிரெஞ்சில் இரண்டு சொற்கள் இருந்தும் குழப்பம் தீரவில்லை. விமானத் துறையினர் சேஃப்டியை 'செக்யூரிதே' என்றும் செக்யூரிட்டியை 'ஸ்யூர்தே' என்றும் சொல்ல, அணுசக்தித் துறையினர் அதை அப்படியே தலைகீழாக்கி, அணு உலையின் சேஃப்டியை 'ஸ்யூர்தே' என்றும் செக்யூரிட்டியை 'செக்யூரிதே' என்றும் எழுதுகிறார்கள். இரண்டு துறைகளுக்கும் மொழிபெயர்க்கிறவர்களின் பாட்டை எண்ணிப் பார்த்தால், நமக்கு ஒரே சொல் வாய்த்தது ஒருவகையில் நிம்மதியாகக்கூடத் தோன்றுகிறது.

விதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும் ஒரு சோதனை உண்டு. அது தமிழிலேயே இருக்கிறது. 'பாதுகாப்பு' என்று எழுத வேண்டிய இடம் வந்ததும், அதற்கு முன்னால் 'எதிலிருந்து?' என்ற கேள்வியையும் 'யாரிடமிருந்து?' என்ற கேள்வியையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். உயர்திணை, அஃறிணை என்று பிரித்தே பேசிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு நாக்கிலேயே இருக்கிறது. தீ, மின்சாரம், வழுக்கும் தரை, கசியும் வாயு, சுழலும் சக்கரம் ஆகியவற்றிலிருந்து காப்பது சேஃப்டி. திருடன், அத்துமீறி நுழைபவன், கடத்தல்காரன், கடவுச்சொல்லைக் களவாடுபவன் ஆகியோரிடமிருந்து காப்பது செக்யூரிட்டி. உங்கள் தொழிலாளர்களுக்கு ஆபத்து எந்திரத்திலிருந்து வருகிறது. எந்திரத்துக்கு அவர்கள்மீது பகை ஏதும் இல்லை. ஆகவே அங்கே வரவேண்டியது சேஃப்டிதான். ஒரு மனிதரால் தீங்கு நேர்ந்தாலும், அது தூக்கக் கலக்கத்திலோ கைத்தவறிலோ நேர்ந்ததென்றால் அதையும் 'எதிலிருந்து' என்ற பக்கத்திலேயே சேர்க்க வேண்டும். ஏனென்றால் இங்கே எல்லைக்கோடு நோக்கம் என்பதன்மீதுதான் வரையப்பட்டிருக்கிறது.

நோக்கம் என்ற இந்த ஒன்று சொற்களை மட்டுமன்றி வேலை செய்யும் முறையையே இரண்டாகப் பிரித்துவிடுகிறது. தீ எதையும் கற்றுக்கொள்வதில்லை. இன்று ஒரு தடுப்பைக் கண்டு நின்ற தீ, நாளை அதைச் சுற்றிக்கொண்டு வரத் திட்டம் போடாது. திருடன் போடுவான். அதனால்தான் சேஃப்டிப் பிரிவினர் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் எழுதி ஒட்டுகிறார்கள், பழைய விபத்துகளை எண்ணிப் பார்த்து அடுத்தது எங்கே நேரக்கூடும் என்று கணக்கிடுகிறார்கள். செக்யூரிட்டிப் பிரிவினரோ காவல் மாறும் நேரம், கேமராவின் பார்வை எட்டாத மூலை, பூட்டின் எண் ஆகியவற்றை வெளியே சொல்லாமல் வைத்திருப்பதையே வேலையின் பாதியாகக் கொள்கிறார்கள். எனவே ஓர் அறிக்கையைப் படிக்கும்போது சொல் எதுவென்று ஐயம் வந்தால், இந்தச் செய்தியை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா என்று கேட்டுப் பார்த்தாலும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஆங்கிலத்தில் ஊறிப்போன பெயர்களையும் இந்தச் சோதனை விளக்கிவிடுகிறது. நாம் ஊக்கு என்று அழைக்கும் சேஃப்டி பின், தன் கூர்முனையால் தன்னை அணிந்தவரைக் குத்தாமலிருக்கச் செய்யப்பட்டது. திருடனைத் தடுக்க அன்று. 1844-இல் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் எரிக் பாஷ் உருவாக்கிய சேஃப்டி மேட்ச், பாஸ்பரஸைக் குச்சியின் தலையிலிருந்து எடுத்துப் பெட்டியின் உரசும் பக்கத்துக்கு மாற்றியதால், கண்ட இடத்தில் உரசித் தானாகப் பற்றிக்கொள்ளாத தீக்குச்சியாயிற்று. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காக அமைத்த கம்பிவலை விளக்கும் சேஃப்டி லேம்ப்தான். மறுபுறம், 1945-இல் அமைந்த ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை, செக்யூரிட்டி கவுன்சில் என்று பெயர் பெற்றிருப்பது அது 'யார்' என்ற கேள்வியோடு மல்லுக்கட்டும் அவை என்பதால். அதை சேஃப்டி கவுன்சில் என்று எழுதினால், உலக நாடுகள் கூடித் தலைக்கவசம் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

பன்னாட்டு விதிகளிலும் இதே எல்லைக்கோடுதான் வரையப்பட்டிருக்கிறது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியதைத் தொடர்ந்து 1914-இல் உருவான கடல்வழி உயிர்க்காப்பு உடன்படிக்கை பனிப்பாறையையும் படகுக் குறைவையும் கண்டு அஞ்சிப் பிறந்தது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே சேஃப்டி இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு கப்பல்களையும் துறைமுகங்களையும் தாக்கக்கூடிய மனிதர்களைப் பற்றியும் எழுத வேண்டிய தேவை எழுந்தபோது, அதே உடன்படிக்கையின் 11-ஆம் அத்தியாயத்தை இரண்டாகப் பிரித்து, முதற்பகுதியைச் சேஃப்டிக்கும் இரண்டாம் பகுதியைச் செக்யூரிட்டிக்கும் ஒதுக்கினார்கள். பின்னதன் விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விமானத் துறையின் பன்னாட்டு ஒப்பந்தத்திலும் செக்யூரிட்டி 17-ஆம் இணைப்பில் இருக்கிறது, சேஃப்டி மேலாண்மை 19-ஆம் இணைப்பில் இருக்கிறது.

இவ்வளவும் சொல்கிற நானே ஒரு முறை இந்த இடத்தில் வழுக்கி விழுந்திருக்கிறேன். மின்பூட்டுகளுக்கான ஒரு கையேட்டைப் பல ஆண்டுகளுக்கு முன்பு தமிழாக்கினேன். அதில் ஃபெயில் சேஃப் என்று ஒரு வகைப் பூட்டும் ஃபெயில் செக்யூர் என்று ஒரு வகைப் பூட்டும் இருந்தன. இரண்டையும் 'மின்தடையின்போதும் பாதுகாப்பானது' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் தொலைபேசியில் அழைத்த பொறியாளர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: 'மின்சாரம் போனால் கதவு திறக்குமா, பூட்டிக்கொள்ளுமா? உங்கள் தமிழைப் படித்தால் தெரியவில்லையே.' ஃபெயில் சேஃப் பூட்டு மின்சாரம் நின்றதும் தானாக விடுபட்டுவிடும், உள்ளே இருப்பவர் தப்பிக்க வேண்டும் என்பதற்காக. ஃபெயில் செக்யூர் பூட்டு மின்சாரம் நின்றாலும் வெளிப்பக்கம் பூட்டியே இருக்கும், வெளியே இருப்பவர் நுழையக் கூடாது என்பதற்காக. பொதுவாக உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பினால் மட்டும் திறக்கும். அதாவது நேர் எதிரான இரண்டு செயல்களை ஒரே தொடரால் எழுதிவைத்திருந்தேன். இப்போதெல்லாம் அவற்றை 'மின்தடையில் திறக்கும் பூட்டு', 'மின்தடையில் பூட்டியே இருக்கும் பூட்டு' என்று எழுதுகிறேன். அழகில்லைதான், ஆனால் அந்தப் பொறியாளர் மறுபடி அழைக்கவில்லை.

கதவு என்ற ஒரு பொருளிலேயே இரண்டு சொற்களும் மோதிக்கொள்வதை இதில் காண்கிறீர்கள். சேஃப்டிக்குக் கதவு எளிதில் திறக்க வேண்டும். செக்யூரிட்டிக்கு எளிதில் திறக்கவே கூடாது. இந்த மோதலின் மிகக் கொடிய எடுத்துக்காட்டு, 2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து ட்யூசல்டார்ஃப் நோக்கிச் சென்ற ஜெர்மன்விங்ஸ் 9525 விமானம் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதியது. 2001-க்குப் பிறகு, கடத்துபவர் உள்ளே நுழையாதிருக்க விமானி அறைக் கதவுகள் வலுப்படுத்தப்பட்டன. வெளியிலிருந்து அவசரக் குறியீட்டை அழுத்தினாலும், உள்ளே இருப்பவர் ஒரு விசையால் அதை மறுத்துவிடலாம். அன்று தலைமை விமானி வெளியே சென்ற வேளையில் துணை விமானி உள்ளிருந்து கதவை மூடிக்கொண்டு விமானத்தை வேண்டுமென்றே கீழே இறக்கினார். வெளியே இருந்தவரால் கதவை உடைக்க முடியவில்லை. அதில் இருந்த 150 பேரும் இறந்தனர். வெளியாளைத் தடுப்பதற்காகச் செய்த செக்யூரிட்டி ஏற்பாடு, பயணிகளின் சேஃப்டிக்கே எதிராகத் திரும்பியது என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அதைத் தமிழில் 'பாதுகாப்பு ஏற்பாடு பாதுகாப்புக்கு எதிரானது' என்று எழுதினால், அச்சுப்பிழை என்றுதான் வாசகர் எண்ணுவார்.

இனி, இந்தச் சோதனை எங்கே தடுமாறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்களின் பாதுகாப்பு, பத்திரிகையாளர்களின் பாதுகாப்பு என்று பேசும்போது தீங்கு செய்வது திட்டமிட்டுச் செய்யும் மனிதர்கள்தான். ஆயினும் ஆங்கிலத்தில் அங்கே சேஃப்டி என்றே பெரும்பாலும் வருகிறது. இதற்குக் காரணம், சேஃப்டி என்பது அடிப்படையில் ஒரு நிலையின் பெயர்: தீங்கு எங்கிருந்து வந்தாலும் சரி, ஓர் உயிருக்குக் கேடு நேராமலிருக்கும் நிலை. செக்யூரிட்டி பெரும்பாலும் ஓர் ஏற்பாட்டின் பெயர்: மதில், காவலர், பூட்டு, சோதனை. ஆகையால் தலைவர் ஒருவரின் சேஃப்டி பற்றிக் கவலை என்றால் அவர் உயிரோடும் நலமாகவும் இருக்கிறாரா என்ற கவலை. அவருடைய செக்யூரிட்டி பற்றிக் கவலை என்றால் அவரைச் சுற்றி நிற்கும் காவலில் ஓட்டை இருக்கிறதோ என்ற கவலை. நோக்கம் பற்றிய சோதனை துறைப் பெயர்களுக்கும் விதிகளுக்கும் அறிக்கைகளுக்கும் அப்படியே பொருந்தும். மனிதரைப் பற்றிப் பொதுவாகப் பேசுகிற இடத்தில், நிலையா ஏற்பாடா என்ற இரண்டாவது கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பணம் வைக்கும் இரும்புப் பெட்டிக்கு சேஃப் என்று பெயர் வைத்தது மட்டும் எந்தச் சோதனைக்கும் அடங்காது; அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

செக்யூரிட்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். லத்தீனில் 'ஸே' என்றால் இன்றி, 'கூரா' என்றால் கவலை. இரண்டும் சேர்ந்த 'ஸேகூருஸ்' என்பது கவலையற்றவர் என்று பொருள்படும். கவலையின்மை எளிதில் அசட்டையாகவும் மாறும் என்பதால், ஷேக்ஸ்பியர் காலத்தில் செக்யூரிட்டிக்கு மிதமிஞ்சிய நம்பிக்கை என்ற பொருளும் இருந்தது. மெக்பெத் நாடகத்தில், மனிதர்களுக்குத் தலையாய பகை செக்யூரிட்டிதான் என்று ஹெக்கட்டி சொல்வதை இன்றைய பொருளில் படித்தால் ஒன்றும் விளங்காது. அந்தப் பொருள் மறைந்துவிட்டது. கவலையின்றி இருக்கலாம் என்ற உறுதிப்பாடு மட்டும் நிலைத்திருக்கிறது. ஜாப் செக்யூரிட்டி என்பது வேலை பறிபோகாது என்ற உறுதி. அதை 'பணிப் பாதுகாப்பு' என்று எழுதினால் கையுறையும் தலைக்கவசமும் நினைவுக்கு வரும். 'பணி நிலைப்பு' என்றோ 'வேலை உறுதி' என்றோ எழுதினால் பொருள் நேராகப் போய்ச் சேரும். செக்யூரிட்டி டெபாசிட் என்பது பிணைத்தொகை. நிதிச் சந்தையின் செக்யூரிட்டிஸ் என்பவை பங்குகளும் கடன்பத்திரங்களும். அவற்றைப் 'பாதுகாப்புகள்' என்று எழுதிய ஒரு மொழிபெயர்ப்பை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இந்த வரிசையில் மிக நுணுக்கமானது உணவு. ஃபுட் சேஃப்டி என்றால் தட்டில் இருக்கும் உணவில் கிருமியோ நஞ்சோ கலப்படமோ இல்லாதிருப்பது. ஃபுட் செக்யூரிட்டி என்றால் தட்டில் உணவு இருப்பது. 1996-இல் ரோம் நகரில் நடந்த உலக உணவு மாநாடு தந்த வரையறையின்படி, எல்லா மக்களுக்கும் எக்காலத்திலும் போதுமான, கேடற்ற, சத்துள்ள உணவு கைக்கெட்டும்படியும் வாங்கக் கூடியபடியும் இருப்பதே பின்னது. அந்த வரையறைக்குள்ளேயே 'சேஃப்' என்ற சொல் ஓர் உறுப்பாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் 'உணவுப் பாதுகாப்பு' என்று எழுதினால், பசியும் வயிற்றுப்போக்கும் ஒரே துறையின் பிரச்சினை ஆகிவிடும். முன்னதை 'உணவின் தூய்மை' அல்லது 'கேடற்ற உணவு' என்றும், பின்னதை 'உணவு உறுதிப்பாடு' என்றும் நான் எழுதுகிறேன்.

பெயரடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏணி சேஃபாக இருக்கிறது என்றால் ஏறலாம், விழமாட்டீர்கள் என்று பொருள். ஏணி செக்யூராக இருக்கிறது என்றால் அது இறுகக் கட்டப்பட்டிருக்கிறது, அசையாது என்று பொருள். செக்யூர் வினையாகவும் வரும்: கட்டு, பூட்டு, பெற்றுக்கொள் என்ற பொருள்களில். சேஃப் வினையாக வருவதில்லை. எதிர்ச்சொற்களில் கவனமாக இருங்கள்: ஒரு கட்டடம் அன்சேஃப் என்றால் இடிந்து விழலாம், ஒருவர் இன்செக்யூர் என்றால் அவர் தன்னைக் குறித்த நம்பிக்கை குறைந்தவர்.

தரவுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் மேசைக்கு அதுவும் வந்து சேரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கணினி பழுதாகிக் கோப்பு அழிந்துபோகாமல் படி எடுத்து வைப்பதும், அதே கோப்பை யாரும் திருடாமல் பூட்டி வைப்பதும் வெவ்வேறு வேலைகள். முன்னதை உங்கள் அறிக்கையில் பேக்கப் என்றே எழுதுங்கள், செக்யூரிட்டியைப் பின்னதற்கு ஒதுக்குங்கள். வேதி ஆலையில் இவ்விரண்டும் இன்று தனித்தனியாக நிற்பதுமில்லை. 2017-இல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோ வேதி ஆலையில், ஆபத்து நேர்ந்தால் ஆலையை நிறுத்தவென்றே அமைந்த சேஃப்டிக் கருவிகளுக்குள் தீம்நிரல் ஒன்று புகுத்தப்பட்டது; அந்தக் கருவிகள் கோளாற்றை உணர்ந்து ஆலையை நிறுத்தியதால்தான் ஊடுருவல் வெளிச்சத்துக்கு வந்தது. செக்யூரிட்டியின் ஓட்டை வழியே நுழைந்தவர்கள் குறிவைத்தது சேஃப்டியை.

தமிழுக்கு வருவோம். சேஃப்டிக்கு ஒரு புதுச்சொல், செக்யூரிட்டிக்கு ஒரு புதுச்சொல் என்று படைத்துத் தரும் எண்ணம் எனக்கில்லை. அப்படிப் படைத்த சொற்கள் சுற்றறிக்கையில் மட்டுமே வாழ்கின்றன. தொழிலாளியின் வாயில் ஏறுவதில்லை. ஏற்கெனவே நம்மிடம் 'காவல்' என்ற சொல் இருக்கிறது. காவல் என்றாலே எதிரில் ஒரு கள்வன் இருக்கிறான் என்பது உள்ளடங்கியிருக்கிறது. வாயுக் கசிவுக்கு யாரும் காவல் போடுவதில்லை. ஆகவே உங்கள் செக்யூரிட்டிப் பிரிவைக் 'காவல் பிரிவு' என்றும், சேஃப்டிப் பிரிவை 'விபத்துத் தடுப்புப் பிரிவு' என்றும் எழுதுங்கள். இரண்டாவது பெயர் சற்று நீளம்தான். ஆனால் கசிவுக் கடிதம் இனி வாயிலில் தங்காது. மற்ற இடங்களில், எதிலிருந்து காப்பு என்பதைப் பெயரிட்டே சொல்லிவிடுங்கள்: தீக்காப்பு, மின்னதிர்ச்சித் தடுப்பு, திருட்டுத் தடுப்பு. சாலைப் பாதுகாப்பு, நாட்டின் பாதுகாப்பு போன்று எல்லோருக்கும் பழகிப்போன தொடர்களை மாற்ற வேண்டாம்; அங்கே முன்னால் நிற்கும் சொல்லே எதிலிருந்து, யாரிடமிருந்து என்பதைக் காட்டிவிடுகிறது.

கடைசியாக உங்கள் பின்வாசல் கதவு. அந்த ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்குவதற்கு முன்னால், அதை இரண்டு பிரிவுகளுக்கும் எழுத்தில் அனுப்பி, தீ ஒத்திகையில் வெளியேறும் வழியும் இதுவேதானே என்று கேளுங்கள். வெளியேறும் வழியைப் பூட்டி வைக்கலாமா என்பது மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யும் செய்தியன்று. ஆனால் இரண்டு சொற்களும் ஒரே கதவில் மோதுவதை முதலில் கவனித்தவர் நீங்கள். வெளியிலிருந்து திறக்க முடியாததும், உள்ளிருந்து குறுக்குச் சட்டத்தைத் தள்ளினால் திறந்துகொள்வதுமான கதவுகள் இதற்கென்றே இருக்கின்றன. அப்படி ஒன்று பொருத்த அவர்கள் இசைந்தால், உங்களுக்கு இரண்டு பலகைகள் தேவைப்படும். வெளிப்பக்கம்: 'அனுமதியின்றி நுழையக் கூடாது.' உட்பக்கம்: 'அவசர வழி. தள்ளினால் திறக்கும்.' இரண்டிலும் 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு வேலை இல்லை.